திகில் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு: எட்டு மாதம் நான் பட்ட பாடு

பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரே ஒரு திகில் கதையை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதில் ஆறு மாதம் வெட்டி. முதல் பிரதியைப் படித்த என் மனைவி, சரியாகப் பேய் வருகிற இடத்தில் சிரித்தாள். "ஏங்க, இதுக்கு வேற வேலையே இல்லையா? ஜன்னல் ஜன்னலா வந்து நிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பழைய கதைகளை எடுத்து வைத்து, அவர்கள் எப்படிப் பயமுறுத்தினார்கள் என்று வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். கீழே இருக்கிற வழியில் போனால் உங்களுக்குப் பத்து வாரம் போதும். செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

1. கையில் இருக்க வேண்டியவை

நான்கு கதைகள் போதும். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'தி மங்கீஸ் பா', எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்', புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'. முதல் இரண்டும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசம். 'காஞ்சனை' மதுரைத் திட்டம் என்கிற தமிழ் மின்னூல் தளத்தில் கிடைக்கும். 'லாட்டரி'யை மட்டும் தேட வேண்டியிருக்கும். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் ஒரு தொகுப்பில் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கினேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியத்தை அங்கே ஒதுக்குங்கள்.

மற்ற மூன்றையும் போனில் படிக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுங்கள். எனக்குத் தொண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. கூடவே கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்று, சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா.

இந்தப் படியிலேயே விழக்கூடிய பள்ளம் ஒன்று உண்டு: சேகரிப்பு. ஆன்லைனில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்குப் பேய்க்கதைத் தொகுப்புகள் வாங்கிக் குவித்தேன். படித்துக்கொண்டே இருந்தால் எழுத வேண்டாம் அல்லவா, அந்த வசதிதான். நான்கு கதையை நாலு தடவை படியுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவையிலிருந்து பேனாவோடு.

2. நோட்டை இடம், வலம் என்று பிரியுங்கள்

நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான். பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'வாசகனுக்குத் தெரிந்தது', வலப்பக்கம் 'பாத்திரத்துக்குத் தெரிந்தது'. பத்தி பத்தியாகக் கதையைப் படித்து இரண்டு பக்கமும் பதிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற இடத்தில் பயம் இருக்காது. எங்கள் தொழிலில் கணக்கு டாலி ஆனால் நிம்மதி. இங்கே டாலி ஆகிவிட்டால் கதை செத்தது.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதையே வேறு மாதிரி விளக்கினார். மேஜைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. பார்ப்பவருக்கு அது தெரியாமல் திடீரென்று வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால், மேஜையில் இருப்பவர்கள் சும்மா ஊர்க்கதை பேசுகிற பதினைந்து நிமிடமும் நமக்குத் திகில். நம்மூர் தர்ஷினி ஓட்டலில் இரண்டு பேர் ஒரு காபியை 'பை-டூ' என்று பாதிப் பாதியாக வாங்கிக் குடித்துக்கொண்டு வாடகை உயர்ந்ததைப் பற்றிப் புலம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் ஒரு பை. அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த வாடகைப் பேச்சை நாம் எப்படிக் கேட்போம்!

என் முதல் பிரதியில் பதினோரு இடத்தில் 'திடீரென்று' இருந்தது. பதினோரு குண்டு, எல்லாம் தெரியாமல் வெடிப்பவை.

3. கதவை ஒரு வாரம் படியுங்கள்

'மங்கீஸ் பா' கதைக்கு மட்டும் ஒரு முழு வாரம் கொடுங்கள். காய்ந்த குரங்குக் கை. மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம் தரும். இந்தச் சட்டத்தைக் கதை ஆரம்பித்துச் சில பக்கங்களுக்குள் ஜேக்கப்ஸ் சொல்லிவிடுகிறார். அதை முதலில் வைத்திருந்தவன் மூன்றாவது வரமாகச் சாவைக் கேட்டான் என்பதையும் பேச்சுவாக்கில் போட்டுவிடுகிறார். நோட்டின் இடப்பக்கம் அப்போதே கனக்க ஆரம்பிக்கிறது.

தகப்பன் இருநூறு பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நஷ்ட ஈடு எவ்வளவு என்று தகப்பன் கேட்கும்போது நமக்குத் தொகை தெரியும். அது வந்தவர் வாயிலிருந்து வரும் வரை காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு இரவு. தாய் அடுத்த வரத்தைக் கேட்கச் சொல்கிறாள், மகன் திரும்பி வர வேண்டுமாம். அவன் இறந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடம்பை உடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்று அப்போதுதான் தகப்பன் சொல்கிறார். வரம் கேட்டாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவர்த்தி அணைகிறது. கடிகாரச் சத்தம், படிக்கட்டு கிறீச்சிடுவது, சுவருக்குள் எலி. அதற்குப் பிறகுதான் கதவில் தட்டல், முதலில் கேட்டும் கேட்காத மாதிரி.

இந்த இடத்தில் சிவப்புப் பேனாவை எடுங்கள். தாய் ஓடிப்போய்ச் சங்கிலியை எடுக்கிறாள். கீழ்த் தாழ்ப்பாளை இழுக்கிறாள். மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை, கணவனைக் கூப்பிடுகிறாள். அவர் மாடியில் தரையில் மண்டியிட்டு இருட்டில் அந்தக் கையைத் துழாவிக்கொண்டிருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். தாழ்ப்பாள் நகரும் சத்தம். அதே நொடியில் கை கிடைக்கிறது, கடைசி வரம் கேட்கப்படுகிறது. கதவு திறக்கும்போது வெளியே ஆளில்லாத தெரு, எதிரே மினுங்கும் தெருவிளக்கு.

வந்தது எப்படி இருந்தது என்று ஜேக்கப்ஸ் ஒரு சொல் எழுதவில்லை. அவர் விவரித்தது ஒரு சங்கிலி, இரண்டு தாழ்ப்பாள், ஒரு நாற்காலி. எட்டாத மேல்தாழ்ப்பாள் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. பேய் எப்படி இருக்கும் என்று யோசிப்பதை விட்டு, உங்கள் கதையில் எந்தத் தாழ்ப்பாள் எட்டாது என்று யோசியுங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களைக் கேளுங்கள், 'நாளே பா' என்றால் சிரிப்பார்கள், அப்புறம் கொஞ்சம் அமைதியாவார்கள். ராத்திரி ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள், உங்கள் சொந்தக்காரர் குரலிலேயே கூப்பிடுவாள், திறந்தால் போச்சு என்று பேச்சு. அதனால் கதவில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதி வைப்பார்கள். அவள் படித்துவிட்டுத் திரும்பிப் போவாள். மறுநாள் வருவாள். மறுபடி அதையே படிப்பாள்.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவில் அம்மா சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தது நான்தான், எழுத்துகளை வரைந்து காட்டியதும் நான்தான். "ஏம்மா, தமிழ்ல எழுதினா ஆகாதா?" என்றேன். "வர்றது இந்த ஊர்ப் பேயி. அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாடா?" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அன்றைக்கு ராத்திரி என் கவலை பேயைப் பற்றியதல்ல, நான் காட்டிய எழுத்தில் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதுதான். முப்பது வருடம் கழித்து நோட்டில் பிரித்து எழுதிப் பார்த்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது: முன்கூட்டியே சொன்ன சட்டம், தெரிந்தவர் குரல், ஒரு கதவு, ஒத்திப்போடுதல்.

4. யார் சொல்கிறார் என்பதை எழுதத் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள்

இதைப் பாதியில் மாற்றினால் முழுக்கத் திருப்பி எழுத வேண்டி வரும். நான் மாற்றினேன், ஐந்து வாரம் போயிற்று.

போவின் கதையில் கொலை செய்தவனே பேசுகிறான். தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே நம்மிடம் கதை சொல்கிறான். எவ்வளவு நிதானமாகச் செய்தேன் பாருங்கள் என்று அவன் அடுக்க அடுக்க நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏழு ராத்திரி நள்ளிரவில் கிழவரின் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நுழைக்கிறான், அதற்கே ஒரு மணி நேரம். எட்டாம் ராத்திரி கைவிளக்கின் மூடியைத் திறக்கப்போய்க் கட்டைவிரல் தகரத்தில் வழுக்குகிறது. கிழவர் எழுந்து யாரது என்கிறார். ஒரு மணி நேரம் இருவரும் அசையவில்லை.

கொலை சில வரிகளில் முடிகிறது. கொலைக்கு முந்தைய அசைவின்மைக்குத்தான் போ இடம் ஒதுக்குகிறார். நீங்களும் அளந்து பாருங்கள். சம்பவத்துக்கு எத்தனை வரி, காத்திருப்பதற்கு எத்தனை வரி என்று எண்ணி எழுதினாலே பாதிப் பாடம் முடிந்தது.

'காஞ்சனை'யில் சொல்கிறவர் ஒரு எழுத்தாளர். கதை கட்டிப் பிழைக்கிறவன் என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்கிறார். ராத்திரி விழிப்பு வருகிறது, இன்ன இடத்திலிருந்து என்று சொல்ல முடியாமல் ஒரு வாடை. வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். நடந்தது நிஜமா, பிரமையா என்று புதுமைப்பித்தன் தீர்ப்பு எழுதவில்லை. நோட்டில் இரண்டு பக்கமும் காலி. ஆரம்பத்தில் நான் சொன்ன விதி இங்கே உடைகிறது: யாருக்கும் எதுவும் தெரியாத சமநிலையிலும் பயம் வரும். ஆனால் அதற்குப் புதுமைப்பித்தன் கை வேண்டும். முதல் கதைக்கு முயற்சி செய்யாதீர்கள்.

வாடையை மட்டும் கடன் வாங்கலாம். பார்வையை மூடிக்கொள்ளலாம், மூக்கை எவ்வளவு நேரம் மூட முடியும்?

5. பேயை உங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ, வெள்ளைப்புடவை, நாய் ஊளை, பாழடைந்த பங்களா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வைத்தேன், தப்பித்தவறிக்கூட எழுதிவிடக் கூடாது என்று. 'மயான அமைதி', 'முதுகுத்தண்டு சில்லிட்டது' இரண்டும் அதே தாளில்.

என் பழைய பிரதியில் இருந்தது: "அமாவாசை இரவு. மயான அமைதி. எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. அவன் முதுகுத்தண்டு சில்லிட்டது."

மாற்றி எழுதியது: "மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. இன்றைக்குக் காவேரித் தண்ணீர் வருகிற நாளும் இல்லை. கீழ்த்தொட்டி, அந்த சம்ப், காலி என்று சாயங்காலம்தான் வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டுப் போனார்."

இரண்டாவதைப் படித்துவிட்டு என் மனைவி சிரிக்கவில்லை. "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்கதானே?" என்று கேட்டாள்.

தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில்தான் வழிகிற தண்ணீர் பயம். மும்பையில் இருந்தால் லோக்கல் ரயில், டெல்லியில் இருந்தால் ஜனவரிப் பனிமூட்டம். உங்கள் ஊர் ஆட்களுக்கு எது தினப்படி தெரியுமோ, அதில் ஒரே ஒரு விவரத்தைத் தப்பாக வையுங்கள். இரண்டு வைத்தால் நம்பமாட்டார்கள்.

6. கல்லை முதலிலேயே காட்டிவிடுங்கள்

'தி லாட்டரி' 1948 ஜூன் 26-ஆம் தேதி 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. கதை நடப்பது ஜூன் 27. வெயிலடிக்கிற காலை, ஊர் கூடுகிறது, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுமாம். பையன்கள் கல் பொறுக்கிப் பையில் நிரப்புகிறார்கள், ஒரு மூலையில் குவிக்கிறார்கள். இது இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடுகிறது. நாம் விளையாட்டு என்று கடந்துபோகிறோம். கடைசியில் அதே கல்.

நோட்டில் இது தலைகீழ்க் கணக்கு. ஊருக்கே தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. இதற்கு மேல் இந்தக் கதையை விளக்க எனக்கு மனம் வரவில்லை, படித்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் முடிவில் வருகிற பொருள் முதல் பக்கத்தில் ஏதாவது சாக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடிவை மாற்றாதீர்கள், முதல் பக்கத்தை மாற்றுங்கள்.

7. பத்து வாரக் கணக்கு

முதல் மூன்று வாரம் படிப்பும் நோட்டும். நான்காம் வாரம் உங்கள் கதைக்கே அந்த இடம்-வலம் நோட்டு, கதையை எழுதுமுன். ஐந்தாம் வாரம் எழுத்து. நான்கு இரவில் முடித்துவிடுங்கள், ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கும். ஒரு கதையை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும் என்பது போவின் கொள்கை. இன்றைய பத்திரிகைக்கு அரை மணியே அதிகம்.

அடுத்த இரண்டு வாரம் தொடாதீர்கள். இதை நான் மீறினேன், அதனால் பலமாகச் சொல்கிறேன். உங்கள் கதை உங்களுக்கே மறந்திருந்தால்தான் எங்கே சுவாரஸ்யம் தொய்கிறது என்று தெரியும். எட்டாம் வாரம் வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து, பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கு இப்படி ஒரு பயன் உண்டு. கடைசி இரண்டு வாரம் திருத்தம், ஒரு ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது. உங்களைப் பாராட்டுகிற நண்பர் வேண்டாம். படிக்கும்போது அவர் போனை எடுக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கேள்வியே கேட்க வேண்டியதில்லை.

8. அனுப்பும்போது வைக்க வேண்டிய ஆவணங்கள்

கதை யூனிகோடில் இருக்க வேண்டும். நான் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினேன், அங்கே திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரியவந்தது. கதையோடு இன்னொரு பக்கத்தில் பெயர், முகவரி, போன் எண். "இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு பத்திரிகையின் பரிசீலனையிலும் இல்லை" என்கிற உறுதிமொழி, தேதி, கையெழுத்து. சன்மானத்துக்கு வங்கி விவரம் கேட்டால் மட்டும் கொடுங்கள். வார்த்தை வரம்பை அந்தப் பத்திரிகையின் அறிவிப்பில் பார்த்து அதற்குள் அடக்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் போகிற பொறிகள் இரண்டு. ஒன்று, பதிப்புரிமைப் பதிவு. ஒருவர் "காப்புரிமை எடுத்துத் தர்றேன் சார்" என்று என்னிடம் மூவாயிரத்து ஐந்நூறு வாங்கினார். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு, கதைக்குப் பதிப்புரிமை என்பதுகூடத் தெரியாதவர். சட்டப்படி கதை எழுதியவுடனே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம், இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. இரண்டாவது, "உங்கள் கதை தேர்வாகிவிட்டது, தொகுப்பில் சேர்க்க இவ்வளவு கட்டுங்கள்" என்கிற அழைப்பு. தேர்வானால் அவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

பழைய கதையைத் தமிழ்ப்படுத்த ஆசை வந்தால் ஆசிரியர் இறந்த வருடத்தைப் பாருங்கள். இந்தியாவில் இறந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும். ஜேக்கப்ஸ் 1943-இல் இறந்தார், தாராளமாகச் செய்யலாம். பெயர் போட்டுச் செய்யுங்கள்.

9. காத்திருப்பது

அனுப்பிய தேதியை காலண்டரில் குறித்து, தொண்ணூறாம் நாளை வட்டமிடுங்கள். அதுவரை வேறெங்கும் அனுப்பக் கூடாது, உறுதிமொழி கொடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த பத்திரிகைக்குப் போகலாம்.

போன் செய்யாதீர்கள். நான் செய்தேன். தொண்ணூற்றிரண்டாம் நாள், மதியம் மூன்று மணி. எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். கதைத் தலைப்பைக் கேட்டுக்கொண்டார், தாள் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம், "சார், ஒண்ணு பண்ணுங்க, நாளைக்குக் கூப்பிடுங்க" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். அதே குரல், அதே பதில். அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன்.